கழுகு முத்திரையும் எஃகு வேலையும்

இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் ஜெர்மனியில் செய்த சட்டைப்பைத் துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்தச் சந்தையில் ஒரே ஆலையில், ஒரே காலத்தில் செய்த இரண்டு வால்தர் பிபிகே துப்பாக்கிகளின் விலை பல மடங்கு வேறுபடும். ஒன்றின் கைப்பிடியில் நாஜிக் கட்சியின் கழுகு இருக்கும். மற்றதில் வால்தர் என்ற பெயர் மட்டும் இருக்கும். கழுகுக்குத் தரும் அந்தக் கூடுதல் பணம் எதற்கான விலை? அது தகாத விலை என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தைத் துப்பாக்கிகளின் வேலைப்பாட்டிலிருந்தே காட்ட முடியும்.

1919 வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மன் படையை ஒரு லட்சம் பேராகச் சுருக்கியது. போர்க்கருவி உற்பத்திக்குக் கடுமையான வரம்பு விதித்தது. துரிங்கியாவின் ஸூல், செல்லா-மேலிஸ் போன்ற ஊர்களில் தலைமுறைகளாகத் துப்பாக்கி வேலை பழகிய கைகளுக்குப் பிஸ்டல்களில் பெரும்பாலும் மிஞ்சியது 6.35, 7.65 மில்லிமீட்டர் சிறு தோட்டாக்களுக்கானவைதான். தெருச்சண்டையும் பணவீக்கமும் நிறைந்த அந்த ஆண்டுகளில் உள்நாட்டில் வாங்க ஆளிருந்தது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியும் நடந்தது. பெரிய துப்பாக்கிக்குச் செலவாகியிருக்க வேண்டிய மூளையெல்லாம் சிறியதற்குள் புகுந்தது.

அந்த மூளைகள் மோதிக்கொண்ட கேள்வி ஒன்றுதான். சட்டைப்பையில் கிடக்கும் துப்பாக்கி தானாக வெடிக்கக் கூடாது. எடுத்த கணத்தில் சுடத் தயாராகவும் இருக்க வேண்டும். முந்தைய தலைமுறைப் பிஸ்டல்களில் அறையில் தோட்டா இருந்தால், அதைக் குத்தி வெடிக்கச் செய்யும் அடிமுள்ளின் ஸ்பிரிங் அழுந்திய நிலையிலேயே காத்திருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது ஒரு சிறு கொக்கி மட்டுமே.

1919இல் எர்ஃபுர்ட்டில் ஹைன்ரிஷ் ஓர்ட்கீஸ் தொடங்கி, 1921இல் டாய்ச்ச வெர்க்க நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஓர்ட்கீஸ் பிஸ்டல் இந்தக் கேள்விக்குக் கைப்பிடியின் முதுகில் ஒரு நெம்பைப் பதிலாக வைத்தது. உள்ளங்கை அழுத்தினால் நெம்பு உள்ளே போகும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால்தான் வெளியே வந்து பாதுகாப்பு நிலைக்குத் திரும்பும். அடிப்படை ஆபத்து தீரவில்லை. ஆனாலும் வடிவமைப்பின் சிக்கனத்தில் இதற்கு இணை குறைவு. பெரும்பாலான ஓர்ட்கீஸ்களில் மரக் கைப்பிடித் தகடுகளைக்கூடத் திருகாணி இல்லாமல் உள்ளிருந்து ஒரு கொக்கியே பிடித்து வைத்திருக்கும். மலிவாகச் செய்ய வேண்டிய நெருக்கடியில் பிறந்த அறிவு அது. சேகரிப்பாளர்கள் இதை ஏழைகளின் துப்பாக்கி என்று ஒதுக்குவது பார்வைக் குறை.

லிக்னோசே ஐன்ஹாண்ட் வேறு வழியில் போனது. விசைக்காப்பின் முன்பகுதியைச் சுட்டுவிரலால் பின்னுக்கு இழுத்தால் ஸ்லைடும் கூடவே வரும். ஒரு கையாலேயே தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடலாம். கேட்கும்போது அருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு விரல் இழுக்கும் அளவுக்கு ஸ்பிரிங் இளகியிருக்க வேண்டும் என்பதால் 6.35 என்ற பலவீனமான தோட்டாவோடு அது கட்டுண்டுவிட்டது. அறிவுள்ள தோல்வி என்று அதைச் சொல்வேன். அந்த வகையில் அலமாரியில் ஓர் இடம் அதற்கு உண்டு. மவுசர் 1914இன் கதை நேர்மாறு. புதிய யோசனை குறைவு, கைவேலை அபாரம். முனையில் உள்ள நீண்ட ஊசியை உருவினால் குழல் தனியே கழன்று கையில் வரும். ஒரே மரத்தில் குடைந்த கைப்பிடி சட்டத்தைச் சுற்றி வளைந்து நிற்கும். 1934இல் மவுசர் அந்தக் கைப்பிடியின் வளைவை மட்டும் திருத்தியது. உள்ளே இருப்பது பழைய இயந்திரமே.

கேள்விக்கு நேரடியான விடை 1929இல் செல்லா-மேலிஸிலிருந்து வந்தது. வால்தர் பிபியில் அறையில் தோட்டா இருக்கும்போதே சுத்தியலைக் கீழே இறக்கி வைக்கலாம். சேஃப்டியைத் தாழ்த்தினால் அடிமுள் மறைக்கப்பட்டு, சுத்தியல் ஆபத்தில்லாமல் விழும். பிறகு விசையை நீளமாக இழுத்தாலே சுத்தியல் எழுந்து முதல் தோட்டா வெடிக்கும். அறையில் தோட்டா இருப்பதைப் பின்புறம் துருத்தி நிற்கும் ஒரு சிறு முள் இருட்டிலும் விரலுக்குச் சொல்லிவிடும். விசையிழுப்பிலேயே சுத்தியல் எழும் பிஸ்டலை வால்தர்தான் முதலில் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. அலோய்ஸ் டோமிஷ்காவின் லிட்டில் டாம் அதற்கு முந்தியது. ஆனால் பாதுகாப்பு, எளிமை, உறுதி மூன்றையும் ஒன்றாக இணைத்தது பிபிதான். பிபிகே அதன் சுருக்கப் பதிப்பு. பின்னால் சோவியத் படையின் மகாரோவ் இந்த வழியில் வந்தது. உலகின் பல படைப் பிஸ்டல்கள் இதே ஏற்பாட்டைப் பின்பற்றின. பிபிகேயின் புகழில் ஒரு பங்கு 1958இல் வெளிவந்த 'டாக்டர் நோ' நாவலில் ஜேம்ஸ் பாண்டின் பெரெட்டாவைப் பறித்து இதைக் கையில் கொடுத்ததால் வந்தது. அந்தப் புகழ் இல்லாமலும் துப்பாக்கி நிற்கும்.

1938இல் வந்த ஸாவர் 38எச் பொறியியலில் இன்னும் ஒரு படி மேலே போனது. உள்ளே ஒளிந்திருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலருகே உள்ள நெம்பினால் ஏற்றவும் மெதுவாக இறக்கவும் முடியும். இயந்திரமாக மட்டும் பார்த்தால் பிபியைவிட இது நுட்பமானது. ஆனால் வந்த வேளை போரின் வாசல். பெரும்பாலான பிரதிகள் போருக்காகவே செய்யப்பட்டன. பின்னாளையவற்றில் மெருகு குறைந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இனி முத்திரைக்கு வருகிறேன். கழுகு வரலாற்றின் சாட்சி என்பது அதை ஆதரிப்பவர்களின் வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. எந்த அலுவலகத்துக்கு எந்தத் துப்பாக்கி போனது என்று காட்டும் முத்திரை ஆய்வாளருக்குப் பயன்படும். 1940க்கு முந்தைய வணிகப் பிரதிகளில் கிரீடமும் N என்ற எழுத்தும், பிந்தையவற்றில் கழுகும் N என்ற எழுத்தும் சோதனை முத்திரையாக இருப்பதால் காலத்தைக் கணிக்க முடிகிறது. இது உண்மையான சான்று. ஆனால் சந்தை உச்ச விலை கொடுப்பது கட்சிச் சின்னம் பொறித்த கைப்பிடிக்கும், கட்சியின் கொள்முதல் அலுவலகத்தைக் குறிக்கும் ஆர்இசட்எம் எழுத்துகளுக்கும். போலிகள் குவிந்திருப்பதும் சரியாக அங்கேதான். கைப்பிடியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். எழுத்தைப் புதிதாக அடிக்கலாம். அந்தத் துப்பாக்கியை நாட்டுக்குக் கொண்டுவந்த அமெரிக்கப் படைவீரருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு கூடவே இல்லாவிட்டால், கழுகு தன்னைப் பற்றியே சாட்சி சொல்லிக்கொள்கிறது. அத்தகைய சாட்சியை எந்த மன்றமும் ஏற்காது.

உண்மையான வரலாற்றுச் சாட்சி வேண்டுமென்றால் சிம்சனைப் பார்க்க வேண்டும். ஸூல் நகரில் யூதக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான நிறுவனம் அது. வெர்சாய் உடன்படிக்கைக்குப் பின் ஜெர்மன் படைக்கு லூகர் பிஸ்டல் கொடுக்க அனுமதி பெற்றிருந்தது. 1922, 1927 மாதிரிகளாக 6.35 சட்டைப்பைத் துப்பாக்கிகளையும் செய்தது. நாஜிகள் 1930களின் நடுவில் ஆலையைப் பறித்தார்கள். குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. ஆலை குஸ்ட்லோஃப் என்ற நாஜி நிறுவனத்தின் பெயருக்குள் கரைந்தது. 1938 நவம்பரில் யூதர்கள் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்து ஆணை வந்தது. கழுகு இல்லாத ஒரு சிறிய சிம்சன் இவ்வளவையும் தாங்கி நிற்கிறது. சந்தையில் அதன் மதிப்போ கட்சி முத்திரை பிபிகேயின் அருகில்கூட வருவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. இவற்றைச் சேகரிப்பது மதிப்புள்ள வேலைதான்; விலைப்பட்டியலை வழிகாட்டியாகக் கொள்ளாதவரை. முதலில் வாங்க வேண்டியது 1930களின் தொடக்கத்துப் பிபி ஒன்று: கிரீடம்-N முத்திரை, ஆலையில் பூசிய நீலப்பூச்சு கலையாமல். பளபளப்புக்காக மறுபூச்சுக் கொடுத்த பிரதியைத் தொட வேண்டாம். அந்தக் காலத்துத் தேய்ப்பு வேலை அதில் அழிந்துபோயிருக்கும். அடுத்து ஓர்ட்கீஸும் சிம்சனும். கட்சிச் சின்னம் பொறித்தவை ஆவணத்தோடு அருங்காட்சியகங்களுக்குப் போகட்டும்.

ஒரு விஷயத்தில் தயக்கம் எனக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி செயலிழக்கச் செய்த துப்பாக்கியில் உறுப்புகளை வெட்டிப் பற்றவைப்பார்கள். பொதுப் பாதுகாப்பு பெரியது; அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் துப்பாக்கிகளின் மதிப்பு இயக்கத்தில்தான் இருக்கிறது என்று இவ்வளவு நேரம் வாதாடியவன், பற்றவைத்த பிபியை முழுமையான பிபி என்று சொல்ல மாட்டேன். உரிமத்தோடு, பூட்டிய பெட்டியில், ஒரு தோட்டாவும் வீட்டில் இல்லாமல், இயங்கும் நிலையில் வைத்திருப்பதே நான் ஏற்கும் உடைமை.