காட்சிப் பொருளா, காட்டின் மக்களா?

சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியைக் கற்பிக்கும்போதெல்லாம் ஒரு செய்தியை மாணவர்க்கு எடுத்துக்காட்டுவது எமது வழக்கம். மதுரை நோக்கி நடந்து களைத்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் கொற்றவை கோயிலின் ஒரு புறத்தே தங்கியிருக்கின்றனர். அவ்வேளையில் எயினர் குலத்துச் சாலினி தெய்வமுற்று ஆடுகிறாள். எயினர் தம் மறத்தொழிலை மறந்து அடங்கிவிட்டனர், அவர்தம் மன்றுகள் பாழ்பட்டன, கொற்றவைக்குரிய கடனைச் செலுத்துக என்பதே அவள் கூற்று. அந்த ஆட்டம் வழிப்போக்கருக்காக ஆடப்பட்டதன்று. கோவலன் வந்திராவிடினும் அது நடந்தே இருக்கும். அக்குடியினரின் பசியும் அச்சமும் நம்பிக்கையுமே அதனை ஆட்டுவித்தன.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் அம்பிட்டியவிலிருந்து புறப்பட்டு, பதினெட்டு வளைவுப் பாதையால் மஹியங்கனைக்கு இறங்கித் தம்பானைக்குச் சென்றபோது இச்செய்தி எமது நெஞ்சை மீண்டும் உறுத்தியது. தம்மை வன்னியலெத்தோ, அதாவது காட்டின் மக்கள், என்று அழைத்துக்கொள்ளும் வேடரின் ஊர் அது. தோளிற் கோடரி தொங்க நின்ற பெரியவர்கள் எம்மை வரவேற்றனர். வில் வளைத்துக் காட்டினர், ஆடிக் காட்டினர். தேனும் மரத்தாற் செய்த சிறு பொருள்களும் விலைக்கு வைக்கப்பட்டிருந்தன. எமது மாணவன் ஒருவன், "சேர், இந்த வில்லோட கடைசியா எப்ப வேட்டைக்குப் போனாங்கன்னு கேளுங்க" என்றான். சிங்களத்திற் கேட்டோம். முதியவர் சிரித்தார். "காட்டுக்குள் போனால் பிடிப்பார்கள், மகனே. இங்கே ஆடினால் காசு தருவார்கள்" என்றார்.

இந்த ஒரு மறுமொழியை உரைகல்லாகக் கொண்டே, பழங்குடிமக்களின் பண்பாட்டு உல்லாசப் பயணத் தொழிலை வளர்க்க வேண்டும் என்று இன்று எழும் குரல்களை மதிப்பிட விரும்புகிறோம்.

வேடரைப் பார்க்கவேண்டிய பொருளாக ஆக்கிய வரலாறு நேற்றுத் தொடங்கியதன்று. 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலில் அவர்கள் காட்டு மனிதராகக் காட்சி தருகின்றனர். 1880களில் ஜெர்மானியரான கார்ல் ஹாகன்பெக், யானைகளோடு இலங்கை மனிதரையும் கப்பலேற்றி ஐரோப்பிய நகரங்களிற் காட்சிக்கு வைத்தார். 1911இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட வேடர் பற்றிய நூல் ஆராய்ச்சி நோக்கில் மதிப்பு மிக்கது. ஆயினும் அந்நூலே இன்னோர் உண்மையையும் சொல்லிவிடுகிறது. வெள்ளைக்காரப் பயணிகள் வரும்போது, வழக்கமாக உடுத்தும் துணியைக் களைந்துவிட்டுச் சிறு கச்சையோடு வந்து நின்று, ஆதிமனிதராக நடிக்கப் பழகிவிட்ட வேடர் அக்காலத்திலேயே இருந்தனர். எனவே 'கலப்படமில்லாத' வேடனைத் தேடிச் செல்பவன், தன் போன்றோரின் தேவைக்காக உருவாக்கப்பட்ட வேடனையே காண்கிறான்.

கிரி கொரஹ என்னும் சடங்கினை எடுத்துக்கொள்வோம். கந்தே யக்கா முதலான ஆவிகளை அழைத்து, வேட்டை வாய்க்க அருளும்படி வேண்டும் ஆட்டம் அது. 1983 நவம்பர் மாதத்தில், மகாவலித் திட்டத்தையொட்டி மதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. வேடர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் தேனெடுத்த காட்டில், அவ்விரண்டும் குற்றமாயின. பலர் குடியேற்றத் திட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்தம் தலைவர் ஊருவரிகே திசாஹாமி தம்பானையை விட்டகல மறுத்து, 1998இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். ஆக, வேட்டை தடுக்கப்பட்டது. வேட்டைக்கான ஆட்டம் மட்டும் ஊக்குவிக்கப்படுகிறது! உயிரை எடுத்துவிட்டு உடலை அலங்கரிக்கும் இச்செயலுக்குப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று பெயர்.

குடிசன மதிப்புகளும் இக்கதையையே சொல்கின்றன. 1911இல் வேடர் எனக் கணக்கிடப்பட்டோர் 5,332 பேர். 1946இல் 2,361 பேர். 1963இல் 400 பேர். அதன் பின்னர் அவர்கள் தனி இனமாகக் கணக்கிடப்படாது போயினர். இவர்கள் அனைவரும் மாண்டுவிட்டனர் என்பது இதன் பொருளன்று. பலர் சிங்களவராகவும் தமிழராகவும் பதியப்பட்டனர். கணக்கேட்டில் இடமில்லாத மக்களுக்கு விளம்பரப் பலகையில் இடமிருப்பதை என்னென்பது!

இங்கு எமது நண்பர் சிலர், இந்த விற்பனையே கலையைக் கெடுத்தது, ஆட்டத்தைக் காசுக்கு ஆடுவது இழிவு என்பர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியராகிய நாம், தேன் விற்றுப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கும் தாயிடம் தூய்மை பேசுவது நேர்மையாகாது. காடு மறுக்கப்பட்டவன் கைவசமுள்ள ஆட்டத்தை விற்கிறான். அவனைக் குறைகூறாது, அவனுக்கு வேறு வழி வைக்காதவர்களையே கேள்வி கேட்கவேண்டும்.

ஆயின், கடனுதவி, பயிற்சி வகுப்பு, விளம்பரம் என்று அடுக்கப்படும் மருந்துகள் போதுமானவையா? பயணி கண்டியில் தங்கும் விடுதிக்குப் பணம் செலுத்துகிறான், வாகனத்துக்குச் செலுத்துகிறான், வழிகாட்டிக்குச் செலுத்துகிறான். ஆடியவன் முன்னே அவன் வைப்பது பெரும்பாலும் அன்பளிப்பு. விலை பேசும் உரிமை உள்ளவன் வியாபாரி; அன்பளிப்பை எதிர்பார்த்து நிற்பவன் இரவலன். இந்நிலையில் தொழில் இரு மடங்கு வளர்ந்தாலும் வளர்வது விடுதியின் வருமானமேயாகும். மேலும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், 2020இன் பெருந்தொற்று, 2022இன் பொருளாதார நெருக்கடி என்று மும்முறை பயணிகளின் வரவு அற்றுப்போனதைக் கண்டோம். காடு கைவசமிருப்பவனுக்கு அந்நாட்களிலும் தேன் உண்டு, கிழங்கு உண்டு. ஆட்டம் மட்டும் கைவசமிருப்பவனுக்கு என்ன உண்டு?

அவுஸ்திரேலியா இதற்கு இரு சான்றுகளைத் தருகிறது. குவீன்ஸ்லாந்தின் குறண்டாவில் 1987இல் ஒரு நடன அரங்காகத் தோன்றிப் பெரும் புகழ்பெற்ற ஜபுகாய்ப் பண்பாட்டுப் பூங்கா, பின்னர் அரசு நிறுவனமொன்றின் உடைமையாகி, பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல், மூடப்பட்டது. உலூரு என்னும் பெரும்பாறையோ 1985 ஒக்டோபர் 26இல் அதன் உரிமையாளரான அனங்கு மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்டது. 99 ஆண்டுக் குத்தகையாக அதனை அரசின் பூங்காத் துறைக்கே அவர்கள் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது என்பதையும் மறைத்தலாகாது. எனினும் நிருவாக சபையிற் பெரும்பான்மை அவர்களுக்கே கிட்டியது. தம் புனிதப் பாறைமீது பயணிகள் ஏறுவதை நிறுத்த அச்சபை 2017இல் முடிவு செய்தது; 2019 ஒக்டோபர் 26 முதல் எவரும் ஏறுவதில்லை. நிலம் தம்முடையது என்ற பிடிமானம் இருந்தமையாலேயே அவர்களால் 'இதனைக் காட்டோம்' என்று சொல்ல முடிந்தது. அந்தச் சொல்லைச் சொல்லும் வலிமையே பண்பாட்டின் உயிர்நாடி என்று நாம் கருதுகிறோம்.

இந்த வலிமைக்காக எமது நாட்டு வேடரும் போராடியே வருகின்றனர். திசாஹாமியின் மகன் வன்னில எத்தோ 1996இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் பழங்குடியினர் செயற்குழுவின்முன் முறையிட்டார். 2007இல் பழங்குடிமக்களின் உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அவுஸ்திரேலியா அன்று எதிர்த்தே வாக்களித்தது. ஆயினும் 2020இல், ரம்பக்கன் ஓயாப் பகுதிக் காடு சோளச் செய்கைக்காக அழிக்கப்படுவதைத் தடுக்குமாறு அதே வன்னில எத்தோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது. ஜெனீவாவில் உயர்த்திய கை ஊரில் ஏன் உயரவில்லை?

தமிழ் வாசகராகிய நாம் இங்கு நம்மையும் கேட்டுக்கொள்ளல் வேண்டும். வாகரை, மூதூர்ப் பகுதிகளில் வாழும் கரையோர வேடர் பேசுவது தமிழ். போரின்போது அவர்களும் இடம்பெயர்ந்தனர். ஆனால் அவர்கள் மீன் பிடித்தும் கூலி செய்தும் வாழ்கின்றனர். தோளிற் கோடரி இல்லை. ஆகவே பயணி அவர்களைத் தேடுவதில்லை, நாமும் தேடியதில்லை. கண்ணப்பரையும் குகனையும் வள்ளியையும் போற்றிய இலக்கியத்துக்கு உரியவர்கள், உயிரோடிருக்கும் வேடனை எத்தனை சிறுகதைகளில் எழுதினோம்? மலையகத்தில் வாழும் எமக்கு இக்குற்றம் நன்கு விளங்கவேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் உலகமெங்கும் தேயிலைப் பெட்டிகளில் சிரிக்கிறது. அவள் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டியது 2021இலேதான்.

எனவே தம்பானைக்கு உதவ விரும்புவோர் முதலில் காட்டின் வாயிலைத் திறக்கட்டும். தேனெடுக்கும் உரிமையைச் சட்டமாக்கட்டும். நுழைவுக் கட்டணமும் வழிகாட்டலும் விற்பனையும் ஊரவரின் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருக்கட்டும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை அச்சங்கமே தீர்மானிக்கட்டும். அவர்தம் பிள்ளைகள் அவர்தம் மொழியைப் பள்ளியிலும் கற்கட்டும். அதன் பின்னர் கடன் கொடுங்கள்; அது அவர்கள் கையில் முதலாகும்.

திரும்பி வரும் வழியில் அந்த மாணவன், "சேர், நாம போன பிறகு அவங்க ஆடுவாங்களா?" என்று கேட்டான். அவனுக்கு நாம் விடை சொல்லவில்லை. மறுநாள் வகுப்பில் வேட்டுவ வரியை மீண்டும் எடுத்தோம்.