சரக்கும் காகிதமும்: வடசென்னையை வாசித்தல்

உலகச் சரக்கு வணிகத்தின் மையங்கள் ஏன் சில நகரங்களில் மட்டும் அமைகின்றன என்கிற கேள்விக்குப் பாடநூல் தரும் விடை நமக்குத் தெரிந்ததுதான்: நல்ல துறைமுகம், ரயில், வங்கி, நிலையான சட்டம். இந்த விடையை ஜெனிவாவில் வைத்துப் பார்த்தால் முதல் சொல்லிலேயே தட்டுகிறது. அந்த ஊரில் கடலே கிடையாது. ஆனால் கார்கில் 1956இலேயே அங்கே கடை விரித்துவிட்டது. விடோல், குன்வோர், மெர்குரியா என்று எண்ணெய் கைமாற்றும் கம்பெனிகள் இன்றும் அங்கிருந்து இயங்குகின்றன. விற்கப்படும் எண்ணெயில் பெரும்பகுதி ஸ்விஸ் மண்ணைத் தொடுவதே இல்லை. இந்தப் பக்கம் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை பாருங்கள். கடல் உண்டு, சரக்கு உண்டு, 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம்கூட உண்டு. விலை சொல்கிற வாய் மட்டும் இல்லை.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். துறைமுகக் கணக்கெல்லாம் கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். "சரக்கு எங்க கீதுன்னு கேக்காதபா, பேப்பர் யாராண்ட கீதுன்னு கேளு" என்பார். பில் ஆஃப் லேடிங் என்பது ஏற்றிய சரக்குக்குக் கப்பல் தரப்பு தரும் சீட்டு. உரிமை அந்தச் சீட்டோடு நகர்கிறது. கப்பல் நடுக்கடலில் நிற்கும்போதே சீட்டு நாலு கை மாறலாம். எல்.சி. திறந்த வங்கி பணம் தருவதும் காகிதத்தைப் பார்த்துத்தானே ஒழியக் கரியைப் பார்த்தல்ல. குறிப்பான், குறிப்பீடு என்று நம் சிறுபத்திரிகைகள் மல்லுக்கட்டியதெல்லாம் இங்கே அன்றாடத் தொழில். (தெரிதாவைத் திட்டியவர்கள் ஒருமுறை கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கம் போய் வந்திருக்கலாம்.)

ஆக, மையம் என்பது காகிதம் பத்திரமாக உறங்கும் இடம். சரக்கின் பேரில் கடன் தரும் வங்கி, கையெழுத்தை மதிக்கும் நீதிமன்றம், வரி கேட்காத அரசு. சிங்கப்பூர் 2001இல் உலக வணிகர் திட்டம் என்று பெயர் வைத்தே வரிச்சலுகை தந்தது. இயற்கையாக அமைந்த மையம் என்று எதுவும் இல்லை. அரசுகள் உட்கார்ந்து எழுதியவைதான்.

சென்னையும் இப்படி எழுதப்பட்ட ஊர்தான், எழுதியவர்கள் மட்டும் வேறு இடத்தில் இருந்தார்கள். 1639இல் கம்பெனி இங்கே வந்தது துணிக்காக. நெசவாளிக்கு முன்பணம் இங்கே, துணிக்கு ஏலம் லண்டனில். திருவொற்றியூரில் காலடிப்பேட்டை என்கிறோமே, அது 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளிகளைக் குடியேற்றிய காலெட்பேட்டை. காலெட் நம் வாயில் காலடியானது வெறும் ஒலித்திரிபு என்று மொழியியல் சொல்லும். எனக்கு அது அந்த உறவுக்கு நெசவாளி எழுதிய உரை மாதிரிப் படுகிறது. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோதும் இதே கதை: சேமிப்பு சென்னைக்காரர்களுடையது, சூதாட்டம் லண்டனில் இருந்த கூட்டாளியுடையது. அந்த அடிக்குப் பதிலாகத்தான் 1907இல் இந்தியன் வங்கி வந்தது. சுதேசி வங்கி வந்ததே தவிர, விலை சொல்லும் இடம் நகரவில்லை.

எண்ணூர் துறைமுகம் 2001இல் திறந்தது, முதன்மையாக மின்வாரியத்தின் கரிக்காக. 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் நின்றன. ராயபுரத்துக்கு மூச்சு வந்தது. தூசு வடக்கே போனது. நகரத்தின் அதிகாரம் அழுக்கை எங்கே அனுப்பும் என்பதற்கு இதைவிட நேரான வரைபடம் வேண்டாம்.

2024 மே மாதம் ஃபைனான்சியல் டைம்ஸும் ஓ.சி.சி.ஆர்.பி.யும் ஒரு செய்தி வெளியிட்டன. 2014இல் இந்தோனேசியாவிலிருந்து தமிழக மின்வாரியத்துக்கு அதானி குழுமம் வழியாக வந்த மட்டமான கரி, காகிதத்தில் உயர்தரமாகி, ஏறத்தாழ மும்மடங்கு விலைக்குப் போனது என்பது குற்றச்சாட்டு. குழுமம் மறுத்தது. உண்மை எது என்று தீர்ப்பது என் வேலையல்ல. என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தச் செய்தி காட்டும் பயணம்தான். கரி இந்தோனேசியாவிலிருந்து நேரே வருகிறது. காகிதமோ பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், சிங்கப்பூர் என்று சுற்றி வருகிறது. விலை காகிதத்தில் எழுதிய கலோரி எண்ணுக்கு. கலோரி குறைந்த கரி என்றால் அதே மின்சாரத்துக்குக் கூடுதலாக எரிக்க வேண்டும். புகை எண்ணூருக்கு, பில் நம் எல்லோருக்கும்.

காசிமேட்டு ஏலத்தில் மீன் கண்ணெதிரே கிடக்கிறது. கூடைக்காரப் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்கள். அங்கே சுரண்டல் இல்லை என்று நான் சொல்லவில்லை. கடனும் தரகும் எவ்வளவு வேணும்னாலும் உண்டு. ஆனால் ஏமாற்றியவன் முகம் தெரியும், மறுநாள் விடியலில் அதே இடத்தில் நின்று சண்டை போடலாம். கரி விஷயத்தில் யாரோடு சண்டை போடுவது? துறைமுக வாசலில் லாரியை மறிக்கிறோம். லாரிக்காரருக்கும் கேட்டில் நிற்கும் காவலாளிக்கும் விலையோடு என்ன சம்பந்தம்?

இந்த இடத்தில் நம் எழுத்தின் மீதும் எனக்குப் புகார் உண்டு. வடசென்னை எழுத்து என்று கொண்டாடப்படுவதில் பெரும்பகுதி உடம்பைச் சுற்றியே நிற்கிறது: குத்துச்சண்டை, கத்தி, கானா, வியர்வை. உடம்பை எழுதியது சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் உடம்பு மட்டுமே வடசென்னை என்றால், மூளையும் கணக்கும் தெற்கே என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா? நம் கதைகளில் மூட்டை தூக்குபவர் வருகிறார். அந்த மூட்டைக்கான சீட்டைத் தட்டச்சு செய்த கிளார்க், அவர் அதே ராயபுரம் சந்தில்தான் குடியிருக்கிறார், வருவதே இல்லை. கொசஸ்தலை முகத்துவாரத்தில் சாம்பல் படிந்ததைப் படமெடுத்துப் போடுகிறோம், அது வேண்டியதுதான். அந்தக் கரியின் கலோரி எண்ணை எந்த ஊரில், எந்த மேசையில் எழுதினார்கள் என்று கேட்கும் கதை ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை. எழுதிவைத்திருக்கும் தோழர்கள் அனுப்புங்கள்.