படத்தொகுப்பும் பின்னணியும்: இரு கலைச்சொற்கள் பற்றி

கலைச்சொல்லாக்கத்தைச் சொற்பொருத்தம் பற்றிய பிரச்சினையாக மாத்திரம் கருதுதல் போதாது. திரைப்படத்துறையில் வழங்கும் 'மொன்டாஜ்' என்னும் பிரெஞ்சுச் சொல், இயந்திர உறுப்புகளைப் பொருத்துதலையும் குறிப்பது, உற்பத்தியோடு தொடர்புடையது. நாம் வழங்கும் 'படத்தொகுப்பு' என்பதோ எட்டுத்தொகையை நினைவூட்டுவது. முன்னரே முழுமைபெற்றவற்றை ஒருங்குசேர்த்தல் என்றே பொருள்படுவது. ஐசன்ஸ்டைனின் 'வேலைநிறுத்தம்' (1925) இறுதியில், தொழிலாளர் சுட்டுக் கொல்லப்படும் காட்சிகளிடையே கொல்களத்தில் மாடு அறுக்கப்படும் காட்சிகள் வெட்டிச் சேர்க்கப்பட்டுள்ளன. வர்க்க ஒடுக்குமுறை பற்றிய கருத்து எந்த ஒரு துண்டிலும் தனித்து இல்லை. துண்டுகளின் மோதலிலேயே அது பிறக்கின்றது. இதனைத் 'தொகுத்தல்' என்பது எங்ஙனம்? (துண்டுகளைச் செங்கற்களாகக் கண்ட புதொவ்கினுக்கு அச்சொல் ஒருவாறு பொருந்தலாம்.)

ஒலியைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசமானது. 'பின்னணி இசை' என்ற பெயரே இசையைக் காட்சியின் ஏவலாளாக்கி விடுகின்றது. கண்ணீர் வந்ததும் வயலின் வருவது அதன் நடைமுறை விளைவு. 1928இல் ஐசன்ஸ்டைன், புதொவ்கின், அலெக்சாந்திரொவ் ஆகிய மூவரும் வெளியிட்ட அறிக்கை, ஒலி காட்சியோடு ஒத்துச்செல்லாது அதற்கு எதிர்நிலையில் இயங்கவேண்டும் என வற்புறுத்திற்று. புதொவ்கினின் 'ஓடிப்போனவன்' (1933) இதற்குத் தக்க சான்று. தொழிலாளர் ஊர்வலம் தாக்கிச் சிதறடிக்கப்படுகையிலும் இசை வெற்றியை நோக்கியே உயர்ந்து செல்கின்றது. காட்சி அன்றைய தோல்வியைச் சொல்கின்றது. இசையோ வரலாற்றின் போக்கைச் சொல்கின்றது. இவ்விசை எதற்குப் பின்னணி?