எட்டடி அகலத்தில் ஒரு குடித்தனம்

தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்ன உட்படச் சில தோட்டங்களை வாங்கினார். தேயிலையை விட அவருக்குப் பெரிய பைத்தியம் பாய்ப்படகு. 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை, 'ஷம்ரொக்' என்று பெயர் வைத்த படகுகளோடு அமெரிக்கா கிண்ணத்துக்குப் போட்டியிட்டார். ஐந்து தடவையும் தோற்றார். கடைசிப் படகு ஏறத்தாழ 120 அடி நீளம். அதைச் செலுத்த ஒரு பட்டாளமே வேண்டும். ஊவாக்காரர்களுக்கும் பாய்ப்படகுக்கும் உள்ள பழைய கணக்கு அவ்வளவுதான்: கொழுந்து எங்களுடையது, பாய் துரையுடையது.

நான் பதுளையிலிருந்து பஸ் ஏறிப் பார்க்கப் போனது அந்த ரகம் இல்லை. திருகோணமலை உள்துறைமுகத்தில் ஒரு வயதான வெளிநாட்டுத் தம்பதி நங்கூரமிட்டிருந்த 27 அடி பைபர் படகு. பெயர் அல்பின் வேகா. சுவீடனில் பெர் புரோஹேல் என்பவர் வரைந்து, 1960களின் நடுவிலிருந்து 1979 வரை 3,400க்கு மேல் வார்த்துத் தள்ளிய மொடல். சாதாரணச் சம்பளக்காரர் குடும்பத்தோடு கடலில் போய்த் தங்கட்டும் என்று செய்தது. இதே மொடலில்தான் மெட் ரதர்போர்ட் என்ற அமெரிக்கர் 2011 ஜூனில் தனியாகக் கிளம்பி, வட, தென் அமெரிக்கக் கண்டங்களை எங்கும் கரை இறங்காமல் சுற்றி, 309 நாளில் திரும்பினார். வடதுருவப் பனிக்கட்டிகளுக்கு நடுவே போன வழி அது. ஆக, படகு தாங்குமா என்ற கேள்வியை நான் கேட்க வேண்டியதில்லை. அதில் மனிதர் வாழ முடியுமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் உடம்பு. கண்ணாடி நாரில் நெய்த பாயை அச்சுக்குள் அடுக்கடுக்காகப் போட்டு, ரெசின் ஊற்றி இறுகவிட்டால் படகின் ஓடு ஒரே துண்டாக வெளியே வரும். பலகைக்குப் பலகை இடுக்கு இல்லை, பஞ்சு அடைக்கும் வேலை இல்லை, மரத்தைத் துளைக்கும் கடல் புழுவுக்கும் இடமில்லை. அந்தக் காலத்தில் இந்தப் பொருள் எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால் கையைத் தாராளமாக விட்டு அடுக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் முட்டியால் தட்டிப் பார்த்தேன். டொக்கென்று கனமாகத்தான் கேட்டது. மொத்த எடை 2,300 கிலோ. அதில் 915 கிலோ அடிவயிற்றில் நீளமாக இறங்கும் கீலுக்குள் வைத்து மூடிய இரும்பு. சாய்ந்தால் நிமிர்த்துவது அந்த இரும்புதான். வெப்பக் கடலில் வருடக்கணக்கில் கிடந்தால் ஓட்டில் கொப்புளம் வரும்; இதிலும் இரண்டு மூன்று இடத்தில் சுரண்டி ஒட்டிய தழும்பு இருந்தது. அது பெரிய தலையிடி இல்லை. மீனவர்களின் படகுகளும் பைபர்தான் என்பதால் ரெசினும் பாயும் திருகோணமலையில் தேடி அலைய வேண்டியதில்லை, ஒட்டத் தெரிந்தவர்களும் உண்டு.

நான் போனது ஓகஸ்டில். ஊவாவைக் காயவைத்து, அந்தச் சில வாரக் கொழுந்துக்கு விசேஷ வாசனையைக் கொடுக்கிற அதே கச்சான் காற்று, திருகோணமலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசும். நாங்கள் பாய் விரித்துப் போன கொட்டியார் குடாவில் அலை குறைவு. ஆனால் காற்று சீராக வராது, திடீரென்று அறையும். முதல் அறையிலேயே படகு சடாரென்று சாய்ந்தது. கைப்பிடியைத் தேடினேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சுக்கான் தடியை என் கையில் தந்துவிட்டார். வேகாவின் குணம் இதுதான்: முதல் பதினைந்து, இருபது பாகை வரை மளமளவென்று சாயும், பிறகு தோளைக் கொடுத்தது மாதிரி நின்றுவிடும், அதற்கு மேல் இலேசில் சாயாது. தெரியாதவருக்கு வயிற்றைக் கலக்கும். காற்று இன்னும் ஏறியபோது அவர் கணவர் பெரும்பாயின் அடிச்சட்டமான பூமின் முனையில் ஒரு பிடியை மாட்டிச் சுற்றினார். பெரும்பாய் பூமைச் சுற்றி உருண்டு, பாதியாகச் சுருங்கியது. பழைய முறை. சுருட்டிய பாய் வயிறு தொய்ந்து அழகில்லாமல் நின்றது, வேலை மட்டும் நடந்தது.

எஞ்சின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் வந்தது இரண்டு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். கியருக்குப் பதிலாக விசிறியின் இதழ்களையே திருப்பி முன்னே, பின்னே போகும் ஏற்பாடு. இவர்கள் அதைத் தூக்கிவிட்டுச் சிறிய டீசல் போட்டிருக்கிறார்கள். பின்னால் எடுக்கும்போது மட்டும் படகு யார் சொல்லையும் கேட்பதில்லை. நீளமான கீல் உள்ள படகுகள் எல்லாம் அப்படித்தான்.

கீழே இறங்கியதும்தான் நான் நின்றுவிட்டேன். படகின் மிக அகலமான இடமே எட்டடி சொச்சம். தோட்டத்து லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அந்தக் காம்பராவில் அடுப்புப் புகையும், சேலைத் திரையும், ஆறேழு உயிரும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கப் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே அதைவிட ஒடுக்கமான இடத்தில் நாலு பேர் படுக்கலாம். முன்னே அணியத்தில் இரண்டு, நடுவில் இரு பக்கமும் ஒவ்வொன்று. இடையில் கதவு போட்ட கழிப்பறை. வாசலடியில் சமையல், புகையும் ஆவியும் நேரே மேலே போய்விடும். படுக்கைக்கு அடியில் எல்லாம் பெட்டி. தட்டுகளின் விளிம்பில் ஒரு விரல் உயரத்துக்கு மரச்சட்டம், சாய்ந்தாலும் கோப்பை விழாது. அடுப்பு இரண்டு அச்சாணியில் தொங்குகிறது. படகு இருபது பாகை சாய்ந்து ஓட, கேத்தல் மட்டும் நேராக நின்று கொதித்தது. இங்கே ஆட்கள் படுப்பார்கள், சமைப்பார்கள், இரவில் எழும்புவார்கள் என்று ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து வரைந்திருக்கிறார். எங்கள் லயங்களை வரைந்தவருக்குத் தலை எண்ணிக்கை மட்டும்தான் தேவைப்பட்டது. இடம் போதாது என்பது பாதிப் பொய் என்று இப்படி ஒரு படகுக்குள் நின்றால் புரியும்.

குறைகளும் உண்டு. உயரமானவர் குனிந்தே நடக்க வேண்டும். ஜன்னல் ஓரங்களில் பழைய ரப்பர் கசிந்து, மெத்தை விளிம்பு உப்புப் பூத்துக் கிடந்தது. குளிர் நாட்டுக்கு வரைந்த படகு என்பதால் நங்கூரத்தில் நின்றால் மத்தியானம் உள்ளே வேகும்; முன் மூடியைத் திறந்து, அதன் மேல் துணியைக் கூடாரம் போலக் கட்டிக் காற்றைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

இதைவிட முக்கியமானது பாய்மரம். அது கீல் வரை இறங்குவதில்லை, கூரைமேல்தான் நிற்கிறது. அத்தனை பாரத்தையும் கீழே ஒரு மர உத்தரம் தாங்குகிறது. வருடங்கள் ஓட, உத்தரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும். இந்தத் தம்பதி அதன் அடியில் இரும்புப் பட்டை கொடுத்து முடுக்கியிருந்தார்கள். எங்காவது பழைய வேகா ஒன்று விலைக்கு வந்தால் பாயையும் எஞ்சினையும் பிறகு பாருங்கள். பாய்மரத்துக் கம்பிகள் இறுக்கமாக இருக்கும்போது அந்த உத்தரத்துக்குக் கீழே உள்ள கதவை மூடித் திறந்து பாருங்கள். உரசினால் விலையைக் குறைக்கலாம். மூடவே மறுத்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிடுங்கள்.