ஆட்சேபத்தை யார் விசாரிப்பது?

ராணுவத்தில் சிக்னல் பிரிவுச் சிப்பாய் ஒருவர், கட்டளை அதிகாரி தன்னைக் கொடுமைப்படுத்துவதாக மேலிடத்துக்கு நேரடியாக மனு அனுப்பினார். உரிய வழியில் அனுப்பவில்லை என்று 28 நாள் கடுங்காவல் விதித்தார்கள். அதை அனுபவித்துக்கொண்டிருந்தபோதே, 1985இல், சாப்பிடச் சொன்ன உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று இன்னொரு குற்றச்சாட்டு வந்தது. அதை விசாரித்த ராணுவ நீதிமன்றத்தில், யார்மீது அவர் புகார் சொன்னாரோ அந்த அதிகாரியே அமர்ந்திருந்தார். ஓராண்டு சிறை, வேலையும் போயிற்று.

ரஞ்சித் தாக்கூர் வழக்கு என்று சட்டத்துறையினர் அறிந்த இந்த வழக்கில், 1987இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. விசாரிப்பவர் தன் மனசாட்சியைக் கேட்டுத் திருப்தியடைந்தால் போதாது, எதிரே நிற்பவருக்கு நியாயமான ஐயம் எழுமா என்று பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. நம் நிர்வாகச் சட்டத்தின் மிக மனிதத்தன்மையுள்ள அளவுகோல் இதுதான் என்பேன். ஓர் அதிகாரியின் உள்மனதை எந்தச் சாட்சியைக் கொண்டு நிரூபிக்க முடியும்? அந்தச் சுமையை எளியவர் தலையிலிருந்து இது இறக்கிவைக்கிறது.

1969ஆம் ஆண்டின் கிரைபக் வழக்கிலும் இதே பார்வைதான். காஷ்மீரில் வனப் பணிக்கான தேர்வுக் குழுவில் இருந்தவரே அந்தப் பதவிக்கும் போட்டியாளர். தன் பெயர் பரிசீலனைக்கு வந்தபோது அவர் ஒதுங்கிக்கொண்டார். போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது ஒதுங்கவில்லை. நீதிமன்றம் அந்தத் தேர்வை ஏற்கவில்லை.

அளவுகோலில் குறையில்லை. அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஆ) குறிப்பாணை பெற்ற அரசு ஊழியரை நினைத்துப் பாருங்கள். விசாரணை அதிகாரிமேல் நம்பிக்கையில்லை என்று அவர் எழுதிக்கொடுத்தால், பல இடங்களில் அதை முதலில் வாங்கிப் படித்து 'ஆதாரமில்லை' என்று எழுதுபவர் அந்த அதிகாரியாகவே இருக்கிறார். எழுதிக்கொடுத்தவர் மறுநாளும் அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். வாய்மூடி இருந்துவிட்டாலோ, வேறு பொறி காத்திருக்கிறது. மானக் லால் வழக்கில் (1957) விசாரணைக் குழுவின் தலைவராக இருந்தவர், முன்னொரு சமயம் எதிர்த்தரப்புக்காக வாதாடியவர். குழு அமைந்த விதம் தவறு என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் தொடக்கத்திலேயே ஆட்சேபிக்காததால் மானக் லால் அந்த உரிமையைக் கைவிட்டுவிட்டார் என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவர் வழக்கறிஞர், சட்டம் தெரிந்தவர். அவருக்கு அது பொருந்தும். துணைக்கு ஆளில்லாமல் விசாரணை அறையில் உட்காரும் கடைநிலை ஊழியருக்கும் அதே விதி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பயத்தில் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எப்படிக் கொள்வது?

பொய்யான ஆட்சேபங்கள் விசாரணையை இழுத்தடிக்கும் என்பார்கள். இழுத்தடிக்கும்தான். அதற்கு வழி, ஆட்சேபத்தை வேறொருவர் விரைவாக முடிவு செய்வது. மத்திய அரசு 1972லேயே இப்படி ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது: விசாரணை அதிகாரி ஒருதலைப்பட்சமானவர் என்று மனு வந்தால் விசாரணையை நிறுத்திவைத்து, மனுவை மறுஆய்வு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது வெறும் அலுவலகக் குறிப்பாணையாக இருந்தால் போதாது. பணி விதிகளிலேயே இடம்பெற வேண்டும், முடிவுக்குக் கெடுவும் வேண்டும். அந்த மறுஆய்வு அதிகாரியும் பெரும்பாலும் அதே துறையில் மேலே இருப்பவர்தான். துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் மனு போகும்வரை, சிப்பாய்க்குக் கிடைத்த நீதி உச்ச நீதிமன்றம்வரை போக முடிந்தவர்களுக்கே கிடைக்கும்.