மறையாத இரும்புக் கை

காற்றில் தனியாக மிதந்து வருகிறது ஓர் இரும்புக் கை. பின்னால் ஆளைக் காணோம். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'யைப் படித்தவர்களுக்கு இந்தப் படம் இன்றும் கண்ணிலேயே நிற்கும். 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய கதை இது. முதலில் எழுதியவர் கென் புல்மர். விஞ்ஞானக் கதைகளில் ஊறியவர். ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகை அந்தக் கையின் ஒவ்வொரு விரல் மூட்டிலும் ஒளியையும் நிழலையும் கொண்டுவந்து வைத்தது.

கதையின் விஞ்ஞானம் சுத்தப் புளுகு. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியான லூயிஸ் கிராண்டேலின் உடல் மறைந்துவிடும். எஃகுக் கை மட்டும் தெரியும். ஒளி ஊடுருவிப் போகும் கண்ணால் எதையும் பார்க்க முடியாது. மாயாவி குருடனாகத் தடுமாற வேண்டும். போட்டிருக்கும் கோட்டும் சட்டையும் மறைகின்றன, எஃகு மட்டும் ஏன் மறையவில்லை? கேட்கலாம். ஆனால் படிக்கும்போது ஒருவரும் கேட்பதில்லை.

காரணம், அந்தப் புளுகுக்கு ஒரு கண்டிப்பு இருக்கிறது. மின்சாரத்தின் வேகம் தணிந்தால் உருவம் திரும்பிவிடும்; மறுபடி மறைய மறுபடி மின்சாரம் வேண்டும். எனவே எதிரியின் கோட்டைக்குள் நுழைந்ததும் மாயாவியோடு சேர்ந்து நாமும் பிளக் பாயின்ட் தேடுகிறோம். மறைந்த பிறகும் கை காட்டிக்கொடுத்துவிடும். நம் புராணத்து வரங்களும் இப்படித்தானே? இரணியன் கேட்ட வரத்தில் பகலும் இரவும் அடக்கம், உள்ளும் வெளியும் அடக்கம். அந்தி நேரமும் வாசற்படியும் விட்டுப்போயின. கதையே அந்த இடுக்கில்தான் நடக்கிறது. பின்னாளில் மாயாவியின் விரல்களுக்குள் துப்பாக்கியும் இன்ன பிற கருவிகளும் வந்து சேர்ந்தபோது எனக்குச் சுவை குறைந்தது. பிளக் பாயின்ட்டைத் தேடி ஓடியவனைத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே சூப்பர் ஹீரோ கதையில் விஞ்ஞானம் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பறக்கட்டும் என்பேன். 1961-இல் அறிமுகமான 'ஆட்டம்' கதையில் நாயகன் ரே பாமர் வெண்குறு விண்மீனின் துண்டொன்றைக் கையால் தூக்கி வருகிறார். அந்தப் பொருள் ஒரு கன சென்டிமீட்டரே ஏறத்தாழ ஒரு டன் கனக்கும்! போகட்டும், அதைக் கொண்டுதானே அவர் எறும்பளவுக்குச் சுருங்கியாக வேண்டும். கொடுத்த சக்திக்குக் கதை விலை கேட்கிறதா என்பதே எனக்கு முக்கியம்.

மிகக் கொடூரமாக விலை கேட்ட இதழ் ஒன்று உண்டு. 1973 ஜூன் தேதியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121. எழுதியவர் ஜெரி கான்வே, வரைந்தவர் கில் கேன். பாலத்தின் உச்சியிலிருந்து வில்லன் கிரீன் காப்ளின் தள்ளிவிட, ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி விழுகிறாள். அதுவரை காமிக்ஸில் விழுந்தவர்களை நாயகன் தாங்கிவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வார்கள். இங்கே வலை பாய்ந்து அவள் காலைப் பற்றுகிறது. விழுந்த வேகம் முழுவதும் நொடியில் நின்றாக வேண்டும். அந்த அதிர்ச்சியை உடல்தான் வாங்க வேண்டும். அவள் கழுத்தருகே பொடி எழுத்தில் ஒரே ஒரு ஒலிச்சொல்: 'ஸ்னாப்'. அவசரமாகப் பக்கம் புரட்டினால் கண்ணில் படாது.

ஸ்பைடர்மேனுக்கும் அது தெரியவில்லை. காப்பாற்றிவிட்ட பூரிப்பில் தன்னையே மெச்சிக்கொண்டு அவளை மேலே இழுக்கிறான்.