நிலமும் பொழுதும்: கணிப்பொறிக் குழிப்பந்தாட்டத்தின் மெய்ம்மை பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

ஒரு படைப்பினை 'உள்ளது உள்ளவாறே அமைந்தது' எனப் புகழ்தல் இக்காலத் திறனாய்வில் பெருவழக்காகிவிட்டது. கரிசல் வட்டார நாவலைப் பாராட்டுவோர் இத்தொடரைக் கையாள்கின்றனர். வீட்டுக் கணிப்பொறியில் ஆடப்பெறும் கோல்ஃப் என்னும் குழிப்பந்தாட்டத்தைப் பாராட்டுவோரும் இத்தொடரையே கையாள்கின்றனர். நாவலுக்கும் அவ்வாட்டத்திற்கும் என்ன தொடர்பு என வினவலாம். இரண்டும் நிலத்தைப் போலச் செய்து காட்டுவன. இரண்டும் அதுபற்றியே புகழப்பெறுவன. ஆகலின் ஒன்றினை அளக்கும் கோல் மற்றொன்றினை அளத்தற்கும் உதவுமா என ஆராய்தல் தகும்.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் பூமியில் குழிப்பந்தாட்டத் திடல் இல்லை. அங்கு வாழ்வோன் ஒருவன் அவ்வாட்டத்தைக் கணிப்பொறித் திரையில் ஆடுவானாயின், மூலத்தை அறியாது போலியை மட்டும் அறிந்தவன் ஆகின்றான். இஃது ஒரு குறைபோலத் தோன்றும். உண்மையில் ஒருவகை நன்மையே. மூலத்தோடு ஒப்பிட்டு, 'மரம் அவ்வாறே உள்ளது, மணற்குழி அவ்வாறே உள்ளது' என மகிழ அவனுக்கு வழியில்லை. 'திரையிலுள்ள இந்நிலம் நிலத்தைப்போல நடந்துகொள்கின்றதா?' என்னும் ஒரு வினாவையே அவன் கேட்க இயலும். அவ்வினாவே மெய்ம்மையை அளத்தற்குரிய வினா என்பதனை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

1. ஆட்டத்தின் இயல்பு

பந்தாட்டங்கள் பலவற்றுள் ஆடுவோனுக்கு எதிராக நிற்பவன் மற்றோர் ஆள். குழிப்பந்தாட்டத்தில் எதிர்நிற்பது நிலமே. 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டமும் 45.93 கிராமுக்கு மிகாத எடையும் உடைய சிறு பந்தினை, 108 மில்லிமீட்டர் விட்டமுடைய குழியில், இயன்ற அளவு குறைந்த அடிகளால் வீழ்த்துதல் வேண்டும். இடையில் மேடும் பள்ளமும் மணலும் நீரும் புல்லும் காற்றும் தடையாய் அமையும். நம் சிறுவர் குதிகாலால் குழிபறித்து ஆடும் கோலியாட்டத்தை அறிந்தோர்க்கு இதன் அடிப்படை விளங்காமற்போகாது. குண்டு குழியில் விழுமா என்பதனை விரலின் திறம் மட்டும் முடிவு செய்வதில்லை. மண்ணின் சரிவும் பருக்கையும் உடன்நின்று முடிவு செய்கின்றன.

இவ்வாட்டம் ஸ்காட்லாந்தில் வளர்ந்தது. அங்கே கடலோரத்து மணற்பாங்கான நிலமே அதன் தொட்டில். நம் மரபின்படி கூறின் அது நெய்தல் நிலத்து ஆட்டம் எனலாம். மணல் மழைநீரை விரைவில் உள்வாங்கி விடுதலின் மழைக்காலத்தும் அங்கே ஆட இயலும். ஆங்கிலேயர் வழி நம் நாட்டிற்கு வந்த இவ்வாட்டத்திற்குக் கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே கழகம் அமைந்தது. கொடைக்கானலில் 1895-ஆம் ஆண்டு அமைந்தது. நெய்தலில் பிறந்த ஆட்டம் குறிஞ்சியில் ஏறியது; கரிசலுக்கு மட்டும் திரைவழியே வந்து சேர்ந்தது.

2. போலச் செய்தலின் வளர்ச்சி

வீட்டுக் கணிப்பொறியில் இவ்வாட்டம் பெற்ற வளர்ச்சியைச் சுருங்கக் காண்பாம். 1986-இல் அமெரிக்காவின் ஆக்சஸ் சாப்ட்வேர் நிறுவனம் 'லீடர் போர்டு' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதில் நிலம் என்பது நீர்ப்பரப்பினிடையே மிதக்கும் பச்சைத் தீவுகளே. மரம் இல்லை, மணற்குழி இல்லை. அடுத்த ஆண்டே மரமும் மணலும் சேர்க்கப்பெற்றன. 1990-இல் அந்நிறுவனமே 'லிங்க்ஸ்' என்னும் ஆட்டத்தை அளித்தது. ஒவ்வோர் அடிக்குப் பின்னும் கணிப்பொறி காட்சியைப் புதிதாக வரைந்து காட்டும். அக்காலப் பொறிகளின் வேகக் குறைவால் நிலமும் மரமும் சிறிது சிறிதாகத் திரையில் நிரம்பும்வரை ஆடுவோன் காத்திருந்தான். 1992-இல் வந்த 'லிங்க்ஸ் 386 ப்ரோ' காட்சியின் நுணுக்கத்தை மிகுவித்தது. 2011-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற அகஸ்டா திடல், லேசர் ஒளிக்கதிரால் அளக்கப்பெற்று, அதன் மேடுபள்ளங்களுடன் ஆட்டமொன்றில் அமைக்கப்பெற்றது.

பந்தின் செலவும் அவ்வாறே நுணுக்கமாகக் கணிக்கப்பெறுகின்றது. பந்தின்மேலுள்ள சிறுகுழிகள் காற்றின் தடையைக் குறைப்பதும், பின்னோக்கிய சுழற்சி பந்தினை மேல்தூக்குவதும், பக்கச் சுழற்சி அதனை வளைந்தோடச் செய்வதும் இயற்பியல் கண்ட உண்மைகள். இவையெல்லாம் கணக்கில் அடங்கும். இடத்தைப் பொறுத்தவரை இவ்வாட்டம் எய்திய வெற்றி பெரிது என்பதனை ஒப்புக்கொள்ளாத திறனாய்வு நேர்மையுடையது ஆகாது.

3. முதற்பொருளின் ஒரு கூறு

தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகிய இரண்டன் இயல்பு என்றார். நிலத்தை மட்டும் முதல் என்னாது பொழுதினையும் உடன்சேர்த்துக் கூறிய நுட்பம் சிந்தித்தற்குரியது. நிலம் ஒரு கிடப்பு. பொழுது அக்கிடப்பினை இயக்குவது. பொழுதில்லாத நிலம் படம் ஆகுமேயன்றி முதற்பொருள் ஆகாது.

இதற்குப் பாலையே தக்க சான்று. பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கப்பெறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என இளங்கோவடிகள் உணர்த்துகின்றார். எனவே பாலை என்பது பொழுது ஈன்ற நிலம். எத்துணை நுண்ணிய ஒளிக்கதிரால் அளந்தாலும் ஒருநாள் அளவையில் பாலையைக் காண இயலாது. முல்லை பாலையாக மாறுவதைக் காத்திருந்தே காணல் வேண்டும்.

கணிப்பொறிக் குழிப்பந்தாட்டத்தில் பொழுது இல்லையோ எனின், உண்டு. ஆனால் அஃது ஆடுவோனின் விருப்பத்திற்கு உட்பட்டது. காலையா மாலையா, காற்று மிகுதியா குறைவா, தரை ஈரமா உலர்வா என ஆட்டத் தொடக்கத்தில் தெரிந்துகொள்ள இடந்தரும் ஆட்டங்கள் உள. கடையிற் சென்று துணி தெரிவதுபோல வானிலையைத் தெரிந்துகொள்ளலாம். மேலும், அடித்த அடி பிழைத்தால் அதனை அழித்து மீண்டும் அடிக்கவும் சில ஆட்டங்கள் வழி செய்துள்ளன. மெய்யான திடலில் கோல் பெயர்த்த புற்கரணையை ஆடுவோன் எடுத்து வைத்தல் வேண்டும். மணற்குழியில் பதிந்த தன் அடிச்சுவட்டைச் சமன்செய்து செல்லுதல் வேண்டும். பின்வருவோன் முன்சென்றவனின் செயலைத் தாங்கிய நிலத்தின்மேல் நடக்கின்றான். திரையிலோ ஆட்டம் முடிந்தவுடன் நிலம் பழைய நிலைக்கு மீள்கின்றது. அதற்கு நேற்று இல்லை; ஆதலின் நாளையும் இல்லை.

4. கரிசலின் பொழுது

கரிசலை அறிந்தவனுக்கு இக்குறை உடனே புலப்படும். கரிசல் களிமண் மிக்கது. நீர்பட்டால் வீங்கும், உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் விழுந்த வெடிப்புகளுக்குள் மேல்மண் சரிந்து வீழ, அடுத்த மழையில் அது மீண்டும் வீங்க, மண் தன்னைத்தானே புரட்டிக்கொள்கின்றது. இவ்வாண்டின் மேற்பரப்பு சென்ற ஆண்டின் மேற்பரப்பு அன்று. மழைக்காலத்தில் காலைக் கவ்வும் அதே மண், பங்குனி சித்திரையில் கல்லென இறுகும். இந்நிலத்தை அளப்போன் எம்மாதத்தில் அளந்தான் என்பதைக் கூறாவிடின் அவன் அளவை பொருளற்றதாகும்.

இங்கு வேளாண்மையும் பொழுதினைத் தெரிந்துகொள்வதன்று, பொழுதிற்குக் காத்திருப்பது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் கம்பும் சோளமும் பருத்தியும் பயறும் விதைக்கின்றனர். மழை வருமுன்னரே காய்ந்த மண்ணில் விதையிடுதலும் உண்டு. பிந்திய மழைக்கு அழிப்பும் இல்லை, மறு அடியும் இல்லை.

ஆடுகளத்திலும் இவ்வேறுபாட்டினை இவ்வூர் அறியும். கோவில்பட்டி ஹாக்கி ஆட்டத்திற்குப் பெயர்பெற்ற ஊர். 1976-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரையில் ஆடப்பெற்றது முதல் அவ்வாட்டத்தின் இயல்பே மாறியது. மண்திடலில் பந்து எங்கே துள்ளும் என்பதனை மண்ணின் அன்றைய நிலை முடிவு செய்தது. செயற்கைத் தரையில் என்றும் ஒரே சீர். இன்று கோவில்பட்டியிலும் செயற்கைத் தரை உண்டு. அதனால் வேகம் பெற்றோம்; உலகத்தோடு ஒப்ப ஆடும் வாய்ப்புப் பெற்றோம். ஆயின் பருவத்திற்கேற்ப மண்ணைப் படித்து ஆடிய கல்வி குறைந்தது. கணிப்பொறித் திடல் இவ்வழியின் கடைசி எல்லை.

5. கதவு என்னும் பேருந்து

இதற்கு மறுதலையான ஒரு போலச் செய்தலை இக்கரிசல் மண்ணே நமக்கு அளித்துள்ளது. இடைசெவல் தந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் எழுதிய 'கதவு' என்னும் சிறுகதையில், ஏழைக் குழந்தைகள் தம் வீட்டுக் கதவில் ஏறிநின்று அதனைப் பேருந்தாகக் கொண்டு ஆடுகின்றனர். சீட்டு வாங்குகின்றனர், ஊர் செல்கின்றனர். கதவுக்கும் பேருந்துக்கும் உருவ ஒப்புமை இல்லை. சக்கரம் இல்லை, சாலை இல்லை. 'உள்ளது உள்ளவாறே' என்னும் கோலால் அளந்தால் இவ்வாட்டம் பெறும் மதிப்பு ஒன்றுமில்லை.

ஆயினும் அவ்வாட்டத்தைப் படிப்போர் மெய்யென நம்புகின்றனர். காரணம் யாது? அக்கதவு பொழுதின் பிடிக்குள் இருக்கின்றது. தீர்வை செலுத்த இயலாமையால் கதவு பெயர்த்துச் செல்லப்படுகின்றது. வாடைக்காற்று வீட்டினுள் புகுகின்றது. ஒருமுறை போன கதவைப் பொத்தானை அழுத்தி மீட்க இயலாது. விளையாட்டுப் பொருளே வாழ்வின் காவலாகவும் இருந்தது என்பதனை இழப்பினாலன்றோ அறிகின்றோம்! ஒப்புமை குன்றியவிடத்தும் மெய்ம்மை நிறையும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

6. ஒரு தடையும் விடையும்

'விளையாட்டு இளைப்பாறுதற்கு உரியது. அதனிடம் வெடித்த மண்ணையும் பிந்திய மழையையும் எதிர்பார்த்தல் முறையோ?' எனத் தடை எழுப்பலாம். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என்பது நம் மரபு. வேண்டுவதைக் கொண்டு வேண்டாததை விடுதல் எக்கலைக்கும் உரிமை. ஆகவே விட்டது குற்றமன்று. விட்டதை விடவில்லை என்பதுபோல 'உள்ளவாறே' எனப் புகழ்தலே குற்றம்.

மேலும், இவ்வாட்டத்திலும் மெய்யான பொழுது உறையும் இடம் ஒன்றுண்டு. பல குழிப்பந்தாட்டங்களில் கோலை ஓங்குதற்கு ஒருமுறையும், விசையை நிறுத்துதற்கு ஒருமுறையும், பந்தினைத் தொடும் கணத்தைக் குறித்தற்கு ஒருமுறையும் விரல் அசைத்தல் வேண்டும். ஓடும் குறியைக் கண் தொடர்கின்றது; கணம் கடக்கின்றது; விரல் முந்தினால் பந்து ஒருபுறம், பிந்தினால் மறுபுறம். ஒரு நொடிக்கும் குறைந்த அவ்விடைவெளியில் ஆடுவோன் மெய்யாகவே பிழை செய்கின்றான். அப்பிழை அவனுடையதேயன்றிப் பொறியினுடையது அன்று. நெஞ்சு துடிப்பது அங்கேதான். எளிய தீவுகளை மட்டும் காட்டிய 1986-ஆம் ஆண்டின் ஆட்டம் அன்று சுவைத்ததற்கும் இக்கணமே காரணம். இலை எண்ணிக்கை பெருகியதால் இக்கணம் கூர்மை பெறவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், போலச் செய்யும் படைப்பின் மெய்ம்மை அது காட்டும் பொருள்களின் தொகையில் இல்லை. மீளாத பொழுதிற்கு அப்பொருள்கள் உட்பட்டு நிற்பதிலேயே உள்ளது என்பதாம்.

இம்முடிவு கணிப்பொறி ஆட்டத்தோடு நில்லாது. கரிசல் இலக்கியத்தை ஆராயும் நம் மாணவர் பலர் வட்டாரச் சொற்களைத் தொகுத்து, செடிகொடிப் பெயர்களைப் பட்டியலிட்டு, 'இவை உளவாதலின் இப்படைப்பு மண்ணின் மெய்ம்மை உடைத்து' என முடிக்கின்றனர். அத்தொகுப்பு பயனுடைத்து, கி. ராஜநாராயணன் தாமே வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தவர். ஆயினும் கருப்பொருளின் கணக்கு மட்டும் திறனாய்வு ஆகாது; அது திரையிலுள்ள புல்லை எண்ணுவதனோடு ஒக்கும். சோ. தர்மனின் 'சூல்' 2019-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கண்மாயைப் பற்றிய சொற்கள் அதில் மிகுதி என்பதனால் மட்டும் அது சிறக்கவில்லை. ஒரு கண்மாய் தலைமுறைகளினூடே எவ்வாறு பேணப்பெற்றது, எவ்வாறு கைவிடப்பெற்றது எனக் காட்டுவதனால் சிறக்கின்றது. நீர்நிலை ஆங்கே காட்சியன்று. பொழுதினைத் தாங்கிய நிலம்.

ஆகவே கரிசற் படைப்பொன்றைக் கையிலெடுக்கும் ஆய்வாளர், 'இதில் எத்தனை கரிசற் சொற்கள் உள?' என்று வினவுமுன், 'இதில் கரிசல் வெடிக்கின்றதா? வெடித்தது மீண்டும் மூடுமுன் யார் எதனை இழந்தனர்?' என வினவுவாராக. தொல்காப்பியர் நிலத்தோடு பொழுதினைச் சேர்த்தது அவ்வினாவிற்கு நம்மை ஆயத்தம் செய்தற்கே என்க.